ஜீப்புக்கு லோரி அச்சு: அந்த எட்டு மில்லிமீட்டரில் என்ன இருக்கிறது?

மாணவர்களே, உங்கள் அளவுகோலில் எட்டு மில்லிமீட்டர் எவ்வளவு என்று பாருங்கள். சுண்டுவிரல் நகத்தின் அகலம்தான் இருக்கும். அமெரிக்காவில் சிலர் இந்த எட்டு மில்லிமீட்டருக்காக மாதக்கணக்கில் வார இறுதிகளை வீட்டுக் கராஜிலேயே கழிக்கிறார்கள். 1997 முதல் 2006 வரை வெளிவந்த ஜீப் ரேங்லர் வாகனங்களில் பலவற்றின் பின் அச்சுத்தண்டு சுமார் 30 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. அங்கே 'ஒரு டன்' வகுப்பு என்று அழைக்கப்படும் சுமை லோரிகளில் அது 38 மில்லிமீட்டர். ஜீப்பின் அச்சுகளை முழுதாகக் கழற்றிவிட்டு, பழைய இரும்புக் கடையில் வாங்கிய லோரி அச்சுகளை அதன் அடியில் பொருத்துவதுதான் இவர்களின் பொழுதுபோக்கு.

ஏன் இந்தப் பாடு? கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் ரூபிகன் தடம் என்று ஒரு பாதை இருக்கிறது. நீளம் சுமார் 35 கிலோமீட்டர். பாதை என்று பெயரே தவிர, பல இடங்களில் வீட்டுச் சாப்பாட்டு மேசை உயரத்துக்குக் கருங்கல் பாறைகள்தாம். 1953 முதல் அங்கே ஜீப் உரிமையாளர்கள் ஆண்டுதோறும் கூடிப் பயணம் போகிறார்கள். நடந்து போகும் வேகத்தைவிட மெதுவாகத்தான் வண்டி நகரும். வேகமே இல்லாத இடத்தில் இரும்புத்தண்டு எப்படி முறியும் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? மெதுவாகப் போகும்போதுதான் முறியும். காரணத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

படிவம் இரண்டில் 'மொமென் டாயா' படித்திருப்பீர்கள். கதவை அதன் கீல் அருகே தள்ளினால் கடினம், கைப்பிடி அருகே தள்ளினால் சுலபம். விசையையும் தூரத்தையும் பெருக்கினால் வரும் அந்தத் திருப்பும் ஆற்றலைத்தான் வாகனத் துறையில் முறுக்குவிசை என்கிறார்கள். ரேங்லரின் 4 லிட்டர் இயந்திரம் ஏறக்குறைய 300 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது. முதல் கியர் அதைச் சுமார் 3.8 மடங்காக்குகிறது. நான்கு சக்கரங்களுக்கும் ஆற்றலைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், மெதுநிலையில் 2.72 மடங்காக்குகிறது. கடைசியாக அச்சுக்குள் இருக்கும் பல்சக்கரங்கள் 3.73 மடங்கு. எல்லாவற்றையும் பெருக்குங்கள். உராய்வு இழப்பை விட்டுவிட்டால் ஏறக்குறைய 11,500 நியூட்டன் மீட்டர் வரும். கியர் சக்தியை உருவாக்குவதில்லை. வேகத்தை விற்று முறுக்குவிசையை வாங்குகிறது, அவ்வளவுதான். எனவேதான் மெதுவாக ஊரும் வண்டியின் அச்சில் இவ்வளவு முறுக்கு.

சாதாரணச் சாலையில் அந்த 11,500 முழுவதும் அச்சுத்தண்டுக்கு வந்து சேராது. அதற்குள் டயர் வழுக்கிவிடும். வழுக்கல் ஒரு பாதுகாப்பு வால்வு மாதிரி. நம் நாட்டுக் காட்டுச் சேற்றில் சக்கரம் சும்மா சுழன்று சேற்றை வாரி இறைக்கும். தண்டு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். காய்ந்த கருங்கல் அப்படியில்லை. டயரை விடாமல் பிடிக்கும். இரண்டு பாறைகளுக்கு நடுவே சக்கரம் சிக்கிக்கொண்டால் வழுக்கவே வழியில்லை. அந்த நேரத்தில் ஓட்டுநர் எரிபொருள் மிதியை அழுத்தினால், எது பலவீனமோ அது விட்டுக்கொடுக்கும்.

இத்துடன் பெரிய டயர் ஆசையும் சேர்கிறது. ரேங்லர் தொழிற்சாலையிலிருந்து வரும்போது டயரின் விட்டம் சுமார் 28 அங்குலம். பாறை ஏறுபவர்கள் 37 அங்குல டயர் மாட்டுகிறார்கள். டயரின் ஆரம்தான் அந்த 'மொமென்'னில் வரும் தூரம். ஆரம் மூன்றில் ஒரு பங்கு கூடினால், டயர் வழுக்குவதற்கு முன் தண்டு தாங்க வேண்டிய முறுக்கும் மூன்றில் ஒரு பங்கு கூடும். பெரிய டயரின் எடை வேறு. பாதுகாப்பு வால்வைத் தாங்களே இறுக்கி மூடிக்கொள்கிறார்கள் என்று சொல்லலாம்.

இனி எட்டு மில்லிமீட்டருக்கு வருவோம். 30 எங்கே, 38 எங்கே? கால் பங்குக்குச் சற்று அதிகம்தானே என்று தோன்றும். ஆனால் உருண்டையான தண்டு முறுக்கைத் தாங்கும் வலிமை விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. 30 × 30 × 30 = 27,000. 38 × 38 × 38 = 54,872. ஒரே வகை எஃகாக இருந்தால், எட்டு மில்லிமீட்டர் தடிப்பு கூடியதற்கே வலிமை இரண்டு மடங்கு!

மும்மடி எங்கிருந்து வந்தது? தண்டைத் தடிப்பாக்கினால் இரண்டு நன்மைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. முதலாவது, குறுக்கு வெட்டுப் பரப்பு கூடுகிறது. அது விட்டத்தின் இருமடி. இரண்டாவது, கூடுதலாகச் சேர்ந்த எஃகு தண்டின் மையத்திலிருந்து தள்ளி இருக்கிறது. கீலிலிருந்து தள்ளியிருக்கும் கதவுக் கைப்பிடி மாதிரி, அந்த எஃகு நல்ல நெம்புகோல் தூரத்தில் நின்று முறுக்கை எதிர்க்கிறது. இருமடியோடு இன்னொரு மடி சேர்ந்து மும்மடி ஆகிறது.

வகுப்பில் வெண்கட்டி கிடைத்தால் ஒன்று செய்து பாருங்கள். இரு முனையையும் பிடித்து, வளைக்காமல், ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்குங்கள். அது நேராக உடையாது. சுமார் 45 பாகைச் சாய்வில் சுருள் வடிவில் உடையும். வெண்கட்டி நொறுங்கும் தன்மையுள்ளது, எஃகு அப்படியில்லை. நல்ல அச்சுத்தண்டு முறிவதற்கு முன் முதலில் முறுகும். அதன் முனையில் ஸ்ப்லைன் எனப்படும் நீளவாக்குப் பல்வரிகள் உண்டு. அளவுக்கு மீறி முறுக்குவாங்கிய தண்டில் அந்த நேர்வரிகள் முறுக்கு மிட்டாய்போலத் திரும்பி நிற்கும். அனுபவசாலிகள் தண்டை வெளியே இழுத்ததும் முதலில் அந்த வரிகளைத்தான் பார்ப்பார்கள்.

வலிமை மட்டும்தான் விஷயம் என்றால் இதே அளவில் உயர்ந்த எஃகால் செய்த தண்டை வாங்கி மாட்டிவிடலாமே? சிலர் அப்படித்தான் செய்கிறார்கள். மிதமான பயன்பாட்டுக்கு அது போதும் என்பதே என் கருத்து. ஆனால் லோரி அச்சில் இன்னொன்று இருக்கிறது. என்னைக் கேட்டால் எட்டு மில்லிமீட்டரைவிட அதுதான் முக்கியம்.

செம்பனைக் குலை ஏற்றிச் செல்லும் லோரியின் பின் சக்கரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? நடுவில் ஒரு குமிழ் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அதைச் சுற்றி வட்டமாகச் சிறு போல்ட்டுகள் இருக்கும். உங்கள் வீட்டுக் காரில் அப்படி ஒன்று இருக்காது. அந்தக் குமிழ்தான் 'முழு மிதவை' அச்சின் அடையாளம். இதில் வாகனத்தின் எடையைத் தாங்குவது தண்டு அல்ல. அச்சுக்கூட்டின் குழாய் முனையே சக்கரத்துக்குள் நீண்டு, இரண்டு தாங்குருளைகளின் வழியாக எடையைச் சுமக்கிறது. தண்டுக்கு ஒரே வேலைதான்: சுழற்றுவது. போல்ட்டுகளைக் கழற்றி, வண்டியை ஜேக் வைத்துத் தூக்காமலேயே தண்டை வெளியே உருவி எடுத்துவிடலாம். சக்கரம் அசையாமல் அங்கேயே நிற்கும்.

ரேங்லரின் பின் அச்சு 'அரை மிதவை' வகை. அதில் தண்டு சுழற்றவும் வேண்டும், வண்டியின் எடையையும் தாங்க வேண்டும். சக்கரம் தண்டின் வெளிமுனையோடு பொருத்தப்பட்டிருக்கிறது. அந்தத் தண்டு வெளியே வந்துவிடாமல் பிடித்திருப்பது, உள்முனையில் டிஃபரன்ஷியலுக்குள் மாட்டியிருக்கும் 'சி' எழுத்து வடிவிலான ஒரு சிறு வளையம். மாட்டுவண்டிக்கு அச்சாணி எப்படியோ, இதற்கு அந்த வளையம். தண்டு நடுவில் முறிந்தால் என்ன ஆகும்? வளையம் உள்துண்டைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருக்கும். வெளித்துண்டைப் பிடிக்க யாருமில்லை. சக்கரத்தோடு சேர்ந்து தண்டு வெளியே நழுவிவிடலாம். பாறைமேல் ஊரும்போது இது நடந்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும். வார இறுதி முடிந்து நெடுஞ்சாலையில் வீடு திரும்பும்போது நடந்தால்? பாறையில் பாதி முறுகிப்போன தண்டு எப்போது முறியும் என்று யாருக்கும் தெரியாது. முழு மிதவை அச்சில் தண்டு முறிந்தால் உந்துவிசை போகும், சக்கரம் போகாது.

இவர்கள் தேடி வாங்கும் அச்சுகளில் முன்புறத்துக்குப் பேர்போனது 'டானா 60'. ஷெவர்லே கே30, ஃபோர்டு எஃப்-350 போன்ற பழைய லோரிகளில் வந்தது. பின்புறத்துக்கு ஜெனரல் மோட்டார்ஸின் '14 போல்ட்'. அதன் மூடியில் 14 போல்ட்டுகள் இருப்பதால் அந்தப் பெயர். டானா என்ற பெயருக்குப் பின்னால் ஒரு மாணவரின் கதை இருக்கிறது. அக்காலக் கார்களில் பல, சைக்கிள்போலச் சங்கிலியால் சக்கரத்தைச் சுழற்றின. சத்தம், தூசு, அடிக்கடி அறுந்துபோகும் தொல்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த கிளேரன்ஸ் ஸ்பைசர், சங்கிலிக்குப் பதிலாகச் சுழலும் தண்டையும் அதன் முனைகளில் எந்தப் பக்கமும் வளைந்துகொடுக்கும் மூட்டையும் வடிவமைத்தார். 1903இல் காப்புரிமை கிடைத்தது. அடுத்த ஆண்டே தொழில் தொடங்கினார். 1914இல் சார்ல்ஸ் டானா அந்நிறுவனத்தில் சேர்ந்தார். 1946இல் நிறுவனம் அவர் பெயருக்கு மாறியது. அந்த மூட்டின் அடிப்படை யோசனை ராபர்ட் ஹூக் காலத்திலேயே, 17ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. ஆம், சுருள்வில் விதிக்குப் பெயர் கொடுத்த அதே ஹூக்தான்.

சரி, அச்சு வாங்கியாயிற்று. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 200 கிலோ எடை. ஜீப்பின் அச்சைவிடச் சுமார் 20 சென்டிமீட்டர் அகலம். பழைய ரிம்கள் இனி உதவாது. ஜீப்பின் சக்கரத்தில் ஐந்து துளைகள், லோரியில் எட்டு. இவையெல்லாம் பணத்தால் தீரும். பணத்தால் தீராதவை வேறு.

முதலில் பல்சக்கர விகிதம். 28 அங்குல டயருக்கு 3.73 பொருத்தமாக இருந்தது. 37 அங்குலத்துக்கு? 3.73ஐ 37ஆல் பெருக்கி 28ஆல் வகுத்தால் 4.93. கடையில் கிடைக்கும் 4.88 மிக அருகில் இருக்கிறது. முன், பின் இரண்டு அச்சுகளுக்கும் இதே விகிதம் இருந்தாக வேண்டும். வெவ்வேறு லோரியிலிருந்து வாங்கிய அச்சுகளில் ஒன்று 4.10, இன்னொன்று 4.56 என்று இருந்தால், நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டதும் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றோடொன்று இழுபறி நடத்தும். புதிய பல்சக்கரங்களைப் பொருத்தும்போது இரண்டு பற்களுக்கிடையே விட வேண்டிய இடைவெளி சுமார் 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர். இரண்டு காகிதத் தாள்களின் தடிப்பு! இதை முள்மானி வைத்து அளக்கிறார்கள். பிறகு பற்களில் மஞ்சள் களிம்பைத் தடவிச் சுழற்றி, பல்லின் எந்தப் பகுதியில் களிம்பு அழிந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். நடுவில் அழிந்திருந்தால் நல்லது. ஓரத்தில் அழிந்திருந்தால் மீண்டும் கழற்றி, மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்ய வேண்டும். ஐந்தாறு தடவை கழற்றி மாட்டுவதெல்லாம் சாதாரணம்.

அடுத்தது கோணம். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஸ்பைசரின் மூட்டுக்கு ஒரு குணம் உண்டு. அது சாய்வாக இயங்கும்போது, உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் சீராக இராது. 20 பாகைச் சாய்வில், ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை சுமார் 6 விழுக்காடு கூடிக் குறையும். வண்டி நடுங்கும். தண்டின் மறுமுனையில் இன்னொரு மூட்டை அதே கோணத்தில் வைத்தால் ஒன்று செய்ததை மற்றொன்று சரிக்கட்டிவிடும். ஆகவே டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளித்தண்டும் அச்சின் உள்தண்டும் இணையாக இருக்க வேண்டும். பெரிய டயருக்காக வண்டியை உயர்த்தியதும் இந்தக் கணக்கு கெட்டுப்போகிறது.

பின் அச்சு என்றால் கூட்டையே சற்றுத் திருப்பி வைத்துச் சமாளிக்கலாம். முன் அச்சில் அது நடக்காது. உங்கள் சைக்கிளின் முன் கவை ஏன் செங்குத்தாக இல்லாமல் சாய்ந்திருக்கிறது? அந்தச் சாய்வால்தான் சக்கரம் தானாகவே நேராகத் திரும்ப முயல்கிறது. கையை விட்டு ஓட்ட முடிவதற்கு அதுவும் ஒரு காரணம் (ஓட்டச் சொல்லவில்லை!). ஜீப்பின் முன் சக்கரத்துக்கும் அதே சாய்வு சில பாகை உண்டு. உள்தண்டை மேலே நிமிர்த்தக் கூட்டைத் திருப்பினால், ஒரே கூடு என்பதால், அந்தச் சாய்வும் குறைந்துவிடும். மூட்டு சந்தோஷப்படும், ஸ்டீயரிங் அலைபாயும். இரண்டில் ஒன்றை ஓரளவு விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் சக்கர மூட்டின் பிடிகளை வெட்டியெடுத்து, வேறு கோணத்தில் வெல்டிங் செய்ய வேண்டும்.

வெல்டிங் என்றதும் இன்னொரு சிக்கல். அச்சின் நடுப்பகுதி வார்ப்பிரும்பு. இருபுறக் குழாய்கள் எஃகு. வார்ப்பிரும்பில் கரிமம் அதிகம். சூடாக்கிய இடம் சட்டென்று குளிர்ந்தால் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை பெற்று வெடிப்பு விடும். முன்கூட்டியே சூடேற்றி, நிக்கல் கம்பியால் பற்றவைத்து, மெல்லக் குளிரவிட வேண்டும். எஃகுக் குழாயில் வேறு தொல்லை. ஒரு பக்கம் மட்டும் தொடர்ந்து பற்றவைத்தால், குளிரும்போது அந்தப் பக்கம் சுருங்கிக் குழாயையே வளைத்துவிடும். அதனால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இங்கே, பிறகு எதிர்ப்பக்கம், பிறகு காத்திருப்பு. பொறுமையில்லாதவரின் அச்சு வாழைப்பழம் மாதிரி வளையும்.

வீட்டில் செய்யும் இந்த வேலையில் உயிருக்கே ஆபத்தான ஒன்றைப் பாடநூலில் பார்க்க முடியாது. பழைய அச்சில் எண்ணெய்ப் பிசுக்கு அப்பியிருக்கும். அதைப் போக்க, பிரேக் துப்புரவுத் திரவத்தைத் தெளிப்பார்கள். அவற்றில் சில குளோரின் கலந்த டெட்ராகுளோரோஎத்திலீன் வகையைச் சேர்ந்தவை. அந்த ஈரம் காயும் முன் வெல்டிங் தொடங்கினால், அதன் வெப்பமும் புற ஊதாக் கதிரும் அந்தச் சேர்மத்தைப் பிளந்து பாஸ்ஜீன் வாயுவை உண்டாக்கக்கூடும். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட வாயு அது. முதலில் இலேசான இருமல்தான் வரும். நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும். 1970களின் பிரேக் பட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால், அங்கே படிந்திருக்கும் தூசியை ஊதித் தள்ளுவதும் கூடாது. எண்ணெய் அழுத்த ஜேக் தூக்குவதற்கு மட்டுமே. உள்ளே ஒரு ரப்பர் வளையம் கிழிந்தால் ஒன்றரை டன் வண்டி கீழே வந்துவிடும். அடியில் படுக்கும் முன் சட்டத்துக்குக் கீழே உறுதியான இரும்புத் தாங்கிகள் நிற்க வேண்டும்.

பிரேக்கில் பாஸ்கல் காத்திருக்கிறார். லோரிச் சக்கரத்தின் பிரேக் பிஸ்டன் பெரியது. அதை நகர்த்த அதிகத் திரவம் வேண்டும். ஜீப்பின் சிறிய மாஸ்டர் சிலிண்டர் அவ்வளவு திரவத்தைத் தள்ளாது. மிதி தரைவரை போய்விடும். பெரிய சிலிண்டர் மாட்டினால் மிதி நிற்கும், ஆனால் காலால் இன்னும் அழுத்தமாக மிதிக்க வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகு ஜீப்பில் எதுவும் முறியாதா? முறியும், வேறு இடத்தில். அச்சு வலுவானதும், அடுத்த பலவீனம் உந்துதண்டின் மூட்டோ டிரான்ஸ்ஃபர் கேஸோ ஆகிவிடுகிறது. வீட்டு மின்சுற்றில் ஃபியூஸ் எதற்கு இருக்கிறது? மலிவான, எளிதில் மாற்றக்கூடிய ஒன்று முதலில் போகட்டும் என்பதற்காக. விவரமறிந்தவர்கள் இங்கும் அதையே செய்கிறார்கள். வெளியிலிருந்து கை எட்டும் ஒரு மூட்டையோ முன் சக்கரப் பூட்டையோ வேண்டுமென்றே மற்ற எல்லாவற்றையும்விடப் பலவீனமாக விட்டுவைத்து, மாற்று உறுப்பையும் இரண்டு சாவிகளையும் வண்டியிலேயே கொண்டுபோகிறார்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் உடைந்தால் வண்டியைக் கயிறு கட்டித்தான் இழுக்க வேண்டும். மூட்டு உடைந்தால் பாறையின் மேலேயே அரை மணி நேர வேலை.

நம் நாட்டில் இப்படி அச்சு மாற்றிய வாகனத்தைச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியில்லாமல் பொதுச்சாலையில் ஓட்ட முடியாது. உங்கள் அண்ணனோ மாமாவோ ஆசைப்பட்டால் முதலில் அதைச் சொல்லுங்கள்.

புதிய பல்சக்கரம் பொருத்திய வண்டியை முதல் நாளே பாறைக்குக் கொண்டுபோக மாட்டார்கள். கால் மணி நேரம் மெதுவாக ஓட்டி, முழுவதும் ஆறவிடுவார்கள். இப்படிச் சில தடவை. சுமார் 800 கிலோமீட்டர் ஓடியதும் அச்சின் எண்ணெயை வடித்து, அதில் ஒரு காந்தத்தை விடுவார்கள். சாம்பல் நிறக் களிம்புபோல மென்மையான தூள் ஒட்டினால், பற்கள் ஒன்றுக்கொன்று பழகிவருகின்றன என்று பொருள். புது எண்ணெய் ஊற்றி மூடலாம். விரலில் நெருடும் சில்லுகள் ஒட்டினால் அந்த 14 போல்ட்டுகளையும் மறுபடி கழற்ற வேண்டியதுதான்.